முதல் செலவு மொட்டை மாடிக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பழைய வீடுகளில் கோடைக்கான செலவு பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் படுக்கையறைக்கு ஏசி வருகிறது. இரண்டு மாதம் கழித்து வரும் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு சோலார் போட எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறார்கள். மொட்டை மாடியின் நினைவு மழைக்காலத்தில் உள்கூரையில் ஓதம் பூத்த பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். முதல் செலவு மொட்டை மாடிக்கு. அடுத்தது மேற்குச் சுவருக்கும் ஜன்னல்களுக்கும். அதன்பின் மின்விசிறி, விளக்கு, ஏசி. சோலார் கடைசியில். வெயிலை வீட்டுக்குள் விட்டுவிட்டு அதை மின்சாரத்தால் வெளியேற்றுவதைவிட, வாசலிலேயே நிறுத்துவது மலிவு. ஆனால் எந்த வாசல் வழியாக அது உள்ளே வருகிறது என்பதை இந்த ஊரின் வானமும் இந்த வீடுகளின் கட்டுமானமும்தான் முடிவு செய்கின்றன.

இந்த வீடுகள் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். டிஐ சைக்கிள்ஸ் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கியது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. அங்கே வேலைக்கு வந்தவர்கள் கொரட்டூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம் என்று அரை கிரவுண்டும் ஒரு கிரவுண்டுமாக மனை வாங்கி, கடனும் சேமிப்பும் போட்டு 1970-களிலும் 80-களிலும் கட்டியவை ஏராளம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரக் கூரை, ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர், முன்னால் வராண்டா, பின்னால் கிணறும் தென்னையும் என்பது அன்றைய வழக்கமான அமைப்பு. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். அந்த மூன்று நான்கு அங்குலப் படுகை மழைநீரையும் தடுத்தது, வெயிலையும் ஓரளவு தாங்கியது. பிறகு நடந்தவை நமக்குத் தெரியும். ஓடு விரிசல்விட்டது, அதன் மேல் சிமெண்ட் பூசினார்கள். கொசுவுக்குப் பயந்தும் ஏசிக்காகவும் வென்டிலேட்டரை அடைத்தார்கள். வராண்டாவைச் சுவரெழுப்பி அறையாக்கினார்கள். செலவைக் குறைக்க, பின்னாளில் கட்டிய பல வீடுகளில் ஜல்லிப் படுகையே போடவில்லை. ஆகவே பழைய வீட்டைச் சீர்செய்வதில் பாதி வேலை புதிதாக எதையும் சேர்ப்பது அல்ல. அந்த வீடு இழந்ததைத் திருப்பித் தருவதுதான்.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே விலகினாலும் உச்சியை விட்டுப் பெரிதாக நகர்வதில்லை. கத்திரி வெயில் கொளுத்தும் மே மாத நண்பகலில் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழுவதே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்த வெயில் முழுவதையும் வாங்குவது தளம்தான். காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் தலா சில மணி நேரம் பங்கெடுக்கின்றன, தளமோ காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை விடாமல் வாங்குகிறது. பாசியும் அழுக்கும் ஏறிக் கறுத்த சிமெண்ட் பரப்பு கோடையில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே கீழே விடுவதில்லை. மதியம் வாங்கியது நான்கைந்து மணி நேரம் கழித்து உள்கூரைக்கு வந்து சேர்கிறது. இரவு பத்து மணிக்கு மின்விசிறி அனல் காற்றை இறக்குவது இதனால்தான். ஏசி போட்டிருந்தால் அது முன்னிரவு முழுக்க அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டுகிறது. மேற்குப் புறநகருக்கு இன்னொரு பாதகமும் உண்டு. மயிலாப்பூரில் மதியமே வீசத் தொடங்கும் கடற்காற்று, கடலிலிருந்து 15 முதல் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஊர்களுக்குத் தாமதமாகவும் சோர்ந்தும் வருகிறது. தளம் சூடேறி முடித்த பிறகு வரும் காற்று அது.

தளத்துக்குச் செய்யக்கூடியவை இரண்டு வகை. ஒன்று, வெயிலைத் திருப்பி அனுப்புவது. மற்றொன்று, வாங்கிய வெப்பம் கீழே இறங்காமல் தடுப்பது. முதல் வகையில் மிக எளியது வெள்ளை. பழுப்பேறிய கான்கிரீட் தன் மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கை உறிஞ்சிக்கொள்ளும், சுத்தமான வெள்ளைப் பரப்பு முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு அடிப்பது மிக மலிவு, ஆனால் ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிகம். குளிர்கூரை பெயிண்ட் சில ஆண்டுகள் நிற்கும். உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளையோ முழு வெள்ளை டைல்ஸையோ பதித்தால் பல ஆண்டுக் கவலை தீரும். இத்தகைய கூரைகள் உட்புற வெப்பத்தை 2 முதல் 5 டிகிரி வரை குறைப்பதாக இந்திய நகரங்களில் நடந்த பணிகள் சொல்கின்றன. ஏசி இல்லாத வீட்டில் உறக்கம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கப் போதுமான வித்தியாசம் இது. இரண்டாம் வகையில் பழைய ஜல்லிப் படுகையும் தட்டோடும் உண்டு, இப்போது கிடைக்கும் வெப்பத்தடுப்புப் பலகைகளும் உண்டு. எதைச் செய்தாலும் முதலில் ஒழுகலைச் சரிசெய்ய வேண்டும். நாற்பது ஆண்டுத் தளத்தில் நீர் இறங்கியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை பெயரத் தொடங்கியிருக்கும், அதன் மேல் வெள்ளை அடிப்பது நோயை மூடி மறைப்பதாகிவிடும். மாடித் தோட்டம் போட நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நடமாடக்கூடிய மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஓரடி உயரத்துக்கு ஈரமண் கொட்டினால் அதுவே 500 கிலோ. தொட்டிகளையும் பைகளையும் சுவர் ஓரமாகவும் பீம் மேலாகவும் வைக்கலாம். பழைய தளத்தில் மண்பாத்தி கட்டவே கூடாது.

வெள்ளைத் தளத்துக்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது அழுக்கு. தொழிற்பேட்டைப் புழுதியும் சாலைப் புகையும் படியும் ஊர்களில் எந்த வெள்ளையும் ஒரே ஆண்டில் மங்கும், அதன் பலனும் குறையும். உண்மைதான். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை, வழக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்பது நம் பழக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தளம் காய்ந்து, கோடை தொடங்க இரண்டு மாதம் இருக்கும் அந்தத் தை மாதம்தான் மொட்டை மாடியைக் கழுவவும் மீண்டும் பூசவும் சரியான காலம். மேலே இன்னொரு மாடி எடுக்கப் போகிறோம், இப்போது எதற்கு வீண் செலவு என்பது அடுத்த மறுப்பு. அப்படித் திட்டமிடுபவர்கள் டைல்ஸ் பதிக்க வேண்டாம், சுண்ணாம்பு போதும். நாளை எடுக்கப்போகும் மாடிக்காகப் பத்துக் கோடைகளை வெந்து கழித்த குடும்பங்கள் இந்தத் தெருக்களில் நிறைய. தகரக் கொட்டகை போட்டுவிட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். போதும், நான்கு பக்கமும் காற்றோடும்படி திறந்திருந்தால். பக்கங்களையும் அடைத்துவிட்டால் அந்தத் தகரமே சூடான காற்றைத் தளத்தின் மேல் பிடித்து வைக்கும்.

மேற்குச் சுவரின் கதை வேறு. மாலை வெயில் சாய்வாக வருவதால் இரண்டடி சன்ஷேட் அதைத் தடுக்காது, ஜன்னல் வழியே அறையின் பாதி வரை நீளும். கிடைமட்டத்தில் நீட்டுவதால் பயனில்லை, செங்குத்தாக மறைக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி, சுவரை ஒட்டிப் படரும் கொடிப் பந்தல், இடமிருந்தால் ஒரு புங்கை. ‘வெளியே’ என்பது முக்கியம். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகுதான் அதைச் சந்திக்கிறது, அதற்குள் வெப்பம் அறைக்குள் வந்துவிட்டது. அரை கிரவுண்டு மனையில் பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கும்போது மரத்துக்கு எங்கே இடம் என்றால், அந்தப் பக்கத்து வீடே உங்கள் மேற்குச் சுவருக்கு நிழல். அங்கே காற்றுக்குத்தான் வழி வேண்டும். அடைத்த வென்டிலேட்டர்களைத் திறந்து, கொசுவலை அடித்து, வீட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொன்றாவது இரவில் திறந்திருக்கும்படி செய்தால், கூரையடியில் தேங்கும் அனல் வெளியேறும். ஏரிகள் சூழ்ந்த இந்த ஊர்களில் கொசு சின்னப் பிரச்சினை அல்ல. வலை காற்றைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். அடைத்த சுவரோடு ஒப்பிட்டால் அந்தக் குறைவு பொருட்டல்ல. பகலில் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் இவற்றை மூடி வைப்பதும், இருட்டிய பின் திறப்பதும் செலவே இல்லாத வேலை.

இவ்வளவும் செய்தபின் மின்சாதனங்களுக்கு வரலாம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், இப்போது பரவலாகக் கிடைக்கும் பிஎல்டிசி மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய், மூவாயிரம் ரூபாய் விசிறி இரண்டரை ஆண்டில் தன் விலையைத் திருப்பிவிடும். வீட்டிலுள்ள எல்லா விசிறியையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிகம் ஓடும் இரண்டை மாற்றினாலே பலனில் பெரும்பங்கு வந்துவிடும். சோக்கு வைத்த பழைய டியூப்லைட் 50 வாட்டுக்கு மேல் எடுக்கும், எல்இடி 20 வாட். முதல் 100 யூனிட் இலவசம்தானே, இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு என்று கேட்கலாம். 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான சலுகையும் சேர்ந்து போய்விடுகிறது. ஏசி உள்ள வீடு கோடையில் அந்தக் கோட்டின் அருகேதான் நிற்கிறது. அங்கே மிச்சமாகும் 80 யூனிட் பில்லில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய தொகையாகத் தெரியும். ஏசியையே கைவிடச் சொல்வது நியாயமல்ல. முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில், காற்றில் ஈரம் மிகுந்த மே இரவுகளில், அது தேவை. தளம் குளிர்ந்த வீட்டில் அதே ஏசியை 26 டிகிரியில் வைத்து, விசிறியை மெதுவாக ஓடவிட்டால் போதுமானதாகிவிடும். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏசியின் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறைவதாக மத்திய எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்கிறது.

சோலாரை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட அமைப்புக்கு மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. இந்த ஆதரவு நல்லதே. ஒரு கிலோவாட் நம் ஊரில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தேவையைக் குறைத்த பிறகு அளவெடுத்தால் 3 கிலோவாட் கேட்ட வீட்டுக்கு 2 போதும் என்பது ஒரு காரணம். அதைவிட நடைமுறையான காரணம் வேறு. பேனல்கள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அங்கேயே நிற்கப்போகின்றன. கீழே தளம் ஒழுகினால் சட்டங்களைக் கழற்றி, தளத்தைச் செப்பனிட்டு, மீண்டும் பூட்ட வேண்டும். தளத்தை முடித்துவிட்டுப் பேனலை ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை. தலைக்கு மேல் உயரத்தில் பந்தல்போல் பொருத்தினால் தளத்துக்கு நிழலும் கிடைக்கும், துணி காயப்போடவும் இடமிருக்கும்.

இத்தனை ஒட்டுவேலைக்குப் பதில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்பதுதான் இன்று அதிகம் கேட்கும் வாதம். அதற்குக் காரணங்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 2 ஆனது, அதாவது மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையான மெட்ரோ வழித்தடம் மனை விலையைத் தூக்கியது. கட்டுமான நிறுவனங்கள் கூட்டாகக் கட்ட அழைக்கின்றன. குடும்பம் பெருகி இடம் போதாதவர்களுக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சிக்கனத்துக்காக இடிக்கிறோம் என்று சொன்னால் கணக்கு ஒத்துவராது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை சிமெண்டும் 4 டன் கம்பியும் தேவை என்பது மேஸ்திரிகளின் பொதுவான கணக்கு. 400 மூட்டை என்பது 20 டன். ஒரு டன் சிமெண்ட் தயாராகும்போது சுமார் 600 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, நம் நாட்டு எஃகுக்கு அது டன்னுக்கு இரண்டரை டன் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்து 22 டன். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் வீடு, யூனிட்டுக்கு 0.7 கிலோ என்ற கணக்கில், ஆண்டுக்கு 1.7 டன்தான் வெளியிடுகிறது. அதாவது புது வீட்டின் சிமெண்டும் கம்பியும் மட்டுமே பழைய வீட்டின் பதின்மூன்று ஆண்டு மின்செலவுக்குச் சமம். செங்கல், மணல், இடிபாடு, லாரி எதுவும் இதில் சேரவில்லை. புதிதாக எழும் கட்டடத்தில் நான்கரை அங்குலச் சுவரும் மேற்கு நோக்கிய பெரிய கண்ணாடியும் வெறும் சிமெண்ட் தளமும் இருந்தால் அந்தக் கடன் என்றுமே அடையாது.

கடினமான மறுப்பு பணத்தைப் பற்றியதல்ல, யார் பணம் என்பதைப் பற்றியது. வெயிலை வாங்குவது மாடிக்கு நேர் கீழே இருப்பவர், பெரும்பாலும் வாடகைக்காரர். செலவழிக்க வேண்டியது வீட்டுக்காரர், அவரோ கீழ்த்தளத்தில் இருக்கிறார். அடுக்குமாடியில் கடைசி மாடிக்காரர் கேட்பார், மற்றவர்கள் கை விரிப்பார்கள். இதற்கு நேரான பதில், தளத்தின் ஆயுள் எல்லோருக்கும் பொது என்பது. நாள்தோறும் விரிந்து சுருங்கும் கான்கிரீட்டில்தான் விரிசல் விழுகிறது, விரிசல் வழியாகத்தான் நீர் கம்பியை எட்டுகிறது. சூட்டைக் குறைக்கும் வெள்ளை அந்த விரிவையும் சுருக்கத்தையும் குறைக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கட்டுமானப் பழுதுகளையும் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதையும் வீட்டுக்காரரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதும்போது மொட்டை மாடியையும் அந்த வரியில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அரசின் பங்கு இங்கே கிட்டத்தட்ட இல்லை. வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பாக 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைத்தது. பூச்சு மட்டுமே உள்ள வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை விடுகிறது. ஆனால் அந்த விதி எழுதப்பட்டது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டுவோருக்காக. நம் அரை கிரவுண்டு என்பது 111 சதுர மீட்டர். கட்டி முடித்த சின்ன வீடுகளை எப்படி மாற்றச் சொல்வது என்று தயங்குபவர்களுக்கு 2003 நினைவுக்கு வரவேண்டும். அந்த ஆண்டு தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு, புதிய கட்டடம் பழைய கட்டடம் என்ற வேறுபாடு இல்லாமல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. செய்யாதவர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் இடமிருந்தது. சில மாதங்களில் தெருத்தெருவாகக் குழாய் இறங்கியது. பல வீடுகளில் குழி பெயருக்குத் தோண்டப்பட்டதும் பிறகு தூர்ந்ததும் உண்மை. ஆனாலும் பழைய வீடுகளை மொத்தமாக மாற்ற முடியும் என்பதை இந்த மாநிலம் செய்து காட்டியது. அந்தக் குழாய்களைத் தூர்வார வேண்டிய நேரமும் இதுதான். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் 800 சதுர அடித் தளத்தின் மேல் விழுவது ஒரு லட்சம் லிட்டர், பெரிய தண்ணீர் லாரிகளில் எட்டு லாரி. தளத்தைச் செப்பனிடும் கொத்தனாரிடமே வாட்டத்தைச் சரிசெய்து சேகரிப்புக் குழாய்க்குத் திருப்பச் சொன்னால் தனிச் செலவு பெரிதாக வராது.

எல்லோருக்கும் முன்னால் கவனிக்கப்பட வேண்டியவை கான்கிரீட் தளமே இல்லாத வீடுகள். தொழிற்பேட்டையைச் சுற்றிய லைன் வீடுகளிலும் ஏரிக்கரைக் குடியிருப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே வாழ்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் முற்பாதி பொருந்தாது. ஜல்லிப் படுகையையும் பேனலையும் அந்தக் கூரை தாங்காது. வெள்ளைப் பூச்சு ஒன்றைத்தான் தாங்கும், மெல்லிய ஷீட் என்பதால் அதன் பலன் முதல் நாளிலேயே தெரியும். ஷீட்டைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் துடைத்துப் பூச வேண்டும். 2010 மே மாத வெப்ப அலையில் 1,300-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்களைக் கண்ட அகமதாபாத், 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, 2017-இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பின்படி வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. அதே பேரிடர்க் கண்ணோட்டத்தில், ஆவடி மாநகராட்சியும் சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலமும் பூந்தமல்லி நகராட்சியும் தங்கள் எல்லைக்குள் உள்ள ஷீட் கூரைகளைக் கணக்கெடுத்து, தை முதல் பங்குனிக்குள் சுண்ணாம்பும் ஆளும் கொடுத்துப் பூசி முடிக்கலாம். ஒரு வார்டில் தொடங்கினால்கூட அடுத்த கத்திரிக்கு முன் பலன் தெரிந்துவிடும்.